ஆகாயத்தில் பிரேக் பிடித்தவள்

என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், ஏதோ நான் வீட்டில் காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிறவன் மாதிரி. நானும் உழைக்கிறவன்தான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஆனால் நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அவள் பாதி ஊரை ஏற்றி இறக்கியிருப்பாள். எங்கள் வீட்டில் யார் பெரியவர் என்ற சண்டை என்றைக்கோ முடிந்துவிட்டது, அதில் நான் ஜெயிக்கவில்லை.

டெப்போவில் அவளுக்குப் பெயர் பிரேக்கக்கா. சேர்ந்த புதிதில் கேலியாக வைத்தார்கள். காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பைக்கும் பிரேக், ரோட்டோரம் பந்து உருண்டாலும் பிரேக். நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து திட்டுவார்கள். போகப் போகக் கேலி மரியாதையாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியும் அவள் வண்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட உரசியதில்லை. அந்தப் பெருமை முழுவதும் தன் வலது காலைச் சேர்ந்தது என்பாள். "நான் பார்க்கறதுக்குள்ள அது பார்த்துடுதுங்க" என்பாள். அந்தக் கால் தூக்கத்திலும் வேலை செய்யும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். திடீரென்று என் கெண்டைக்காலில் ஒரு மிதி விழும். விடிந்து கேட்டால், "ஒரு பையன் குறுக்க ஓடிட்டான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவாள்.

அவள் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு சின்ன விமானத் திடலை ஒட்டி இருக்கிறது. வண்டியைத் திருப்புவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் ஸ்டியரிங் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு, விமானத்திலிருந்து குதித்து இறங்குகிறவர்களை வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக. இதையெல்லாம் என்னிடம் மூச்சுவிடவில்லை. ஒரு நாள் சாயந்திரம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் குதிக்கப் போறேன்."

"எங்க?"

"விமானத்துல இருந்து. டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டியாச்சு. பணமும் கட்டியாச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். அவள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க? தடுக்க மாட்டீங்களா?"

"உங்கம்மாவைத் தடுக்கணும்னா வண்டிக்கு முன்னால போய் விழணும். அப்பத்தான் நிப்பா."

சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் முப்பது வயதுப் பெண். ஒட்ட வெட்டிய தலைமுடி, வெயிலில் உரிந்த மூக்கு. என் மனைவியை அக்கா என்றும் என்னை சார் என்றும் கூப்பிடுவாள். நான் மனதுக்குள் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். சிரிக்கமாட்டாள், பயமுறுத்தவும் மாட்டாள். முதல் நாள் என்னையும் வகுப்பில் உட்காரவிட்டாள், நான் வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

"விழறோம்னு நினைக்காதீங்க. காத்து மேல குப்புறப் படுத்துக்கறோம். இடுப்பை முன்னால தள்ளி, தலையைத் தூக்கி, கை கால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சுக்கிட்டா காத்து உங்களை அப்படியே தாங்கிக்கும். ஒரு கால் மட்டும் கொஞ்சம் கூட நீண்டாலும் போச்சு, சுத்த ஆரம்பிச்சிடுவீங்க."

சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். சுற்றிக்கொண்டே பாராசூட்டைத் திறந்தால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளலாம் என்றாள். திறக்காமல் விட்டால், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தானே திறந்துவிடும் கருவி ஒன்று பையில் இருக்கிறது என்றாள். அந்தக் கருவியை நம்பி நான் அன்றைக்குச் சாப்பிட்டேன். ராத்திரி நம்பிக்கை போய்விட்டது.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பிறகு வாத்தியாரம்மா ஒருத்தி மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் திடலின் வேலியோரத்தில் நின்று, கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்ப்பேன். விமானத்தின் சத்தம் சட்டென்று அடங்கும், ஆளை வெளியே விட இன்ஜினைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம். பாராசூட் விரிந்து துணி தெரிகிற வரைக்கும் நான் வேலிக் கம்பியை விட மாட்டேன். அவளோ தரையில் கால் வைத்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடி வருவாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகுதான், பிடித்த கையை விட்டுவிடுகிற குதிப்பு வந்தது. வாத்தியாரம்மா நடுவானில் இவளை விட்டுவிட்டு முன்னால் போய் எதிரே மிதப்பாள். இவள் திசை மாறாமல் அவளைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அதில் தேறினால்தான் மேற்கொண்டு.

தேறவில்லை. கையை விட்டதுதான் தாமதம், பம்பரமாய்ச் சுற்றினாள். வாத்தியாரம்மா துரத்திப் பிடித்து நிறுத்திப் பாராசூட்டைத் திறக்க வைத்தாள். அடுத்த முறையும் அதே கதை. மூன்றாவது முறை இன்னும் மோசம், பிடித்து நிறுத்துவதற்குள் திறக்கிற உயரம் வந்துவிட்டது. இவள் சுற்றிக்கொண்டே திறந்து, கயிறுகள் முறுக்கிக்கொண்டு, காலால் உதைத்து உதைத்து அதைப் பிரித்திருக்கிறாள். கீழிருந்து பார்த்தபோது துணி விரிந்தும் அவள் அதன் அடியில் சுழன்றுகொண்டே இருந்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்றைக்கு மூன்று பேரும் பயிற்சி அறையில் உட்கார்ந்தோம். ஒரு பழைய சோபா, சுவரில் ஒரு திரை, மூலையில் நெஞ்சை வைத்துப் படுத்துப் பழகச் சக்கரம் வைத்த பலகை. வாத்தியாரம்மாவின் தலைக்கவசத்தில் இருந்த காமிரா எடுத்ததைப் போட்டார்கள். மெதுவாக ஓட்டிக் காட்டினாள். கை விலகுகிறது. அந்த நொடியே என் மனைவியின் வலது கால் விறைத்துக்கொண்டு நீள்கிறது. இடது கால் மடங்கினபடியே கிடக்கிறது. உடம்பு திரும்புகிறது. வாத்தியாரம்மா இரண்டு விரலை நீட்டிச் சைகை காட்டுகிறாள், காலை நீட்டு என்று. வலது கால் இன்னும் நீள்கிறது.

"அக்கா, எதுக்கு அந்தக் காலை மட்டும் அப்படி உதைக்கறீங்க?"

"நான் உதைக்கலையே. மேல போனா காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல." இன்னொரு முறை போடச் சொன்னாள். உற்றுப் பார்த்தவள் குபீரென்று சிரித்தாள். "ஐயோ. நான் பிரேக் பிடிக்கறேன்."

வாத்தியாரம்மாவும் அன்றைக்குத்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆகாயத்தில் பிரேக் பிடித்த ஒரே டிரைவர் என்று டெப்போவில் சொல்லலாம் என்றேன். சிரித்து முடித்ததும் வாத்தியாரம்மா தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன். அதுலயும் சுத்தினா நிறுத்திக்கலாம் அக்கா. என்னால உங்களைப் பிடிக்க முடியாம போச்சுன்னா அப்புறம் நான் தூங்க முடியாது."

அந்த ஒரு தடவைக்காக வீட்டில் பயிற்சி ஆரம்பித்தோம். பயந்தால் வலது கால் விறைக்கிறது, ஆகவே பயந்தால் அதைத் தளர்த்தப் பழக வேண்டும். இது என் யோசனை, ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். சமையலறைக் குட்டை ஸ்டூல் மேல் தலையணை போட்டு அவள் குப்புறப் படுப்பாள், கை கால் அந்தரத்தில். நான் சத்தம் காட்டாமல் பின்னால் போய்ப் பாத்திர மூடிகள் இரண்டைப் படாரென்று தட்டுவேன். முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் வலது கால் வெட்டி இழுத்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று விசாரித்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். சில வாரங்களில் கால் அடங்கியது. மூடி விழுந்தாலும் கதவு அறைந்தாலும் துணி மாதிரி அப்படியே கிடந்தது. நாங்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அடுத்த வாரமே ஒரு நாள் அவள் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். சீருடையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னம்மா? உடம்புக்கு என்ன?"

"ஒரு பொண்ணு. போனைப் பார்த்துட்டே ரோட்டுல இறங்கிட்டா."

"அடிபட்டுடுச்சா?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. அவ பை வண்டியில உரசினதோட சரி. என்னைத் திட்டிட்டுப் போயிட்டா. வண்டியில யாருக்கும் தெரியக்கூட தெரியாது." வலது முழங்காலைத் தடவிக்கொண்டாள். "பிரேக்குக்குக் கால் வந்துச்சுங்க. ஆனா என்னைக் கேட்டுட்டு வந்துச்சு. இத்தனை வருஷம் அது கேட்டதே இல்ல."

மூடி தட்டினவன் நான். அந்தக் காலுக்குச் சும்மா இருக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், அவள் கோபிக்கவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே டெப்போவில் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு, வண்டி எடுக்காமல் லீவு போட்டாள். வானமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்றாள். மெக்கானிக் ஒருவரிடம் கெஞ்சி, டெப்போவின் பின்பக்கத் திடலில் காலி வண்டியை எடுத்தோம். நானும் அவரும் மறைவிலிருந்து அட்டைப்பெட்டிகளை வண்டிக்குக் குறுக்கே வீசினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் வண்டி கச்சிதமாக நின்றது. மெக்கானிக் கைதட்டினார். அவள் இறங்கி வந்து தலையை ஆட்டினாள்.

"அட்டைப்பெட்டின்னு காலுக்குத் தெரியுது. நிஜமாப் பயந்தாத்தான் வருதா இல்லையான்னு தெரியும். அதுக்காக நிஜமா ஒரு ஆளை வண்டி முன்னால விட்டுப் பார்க்க முடியுமா?"

அதுதான் சிக்கல். ரோட்டில் சோதித்துப் பார்க்க முடியாத விஷயம். தெரியாமல் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகவும் அவளால் முடியாது. லீவு முடியும் நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் டிக்கெட் எண்ணுகிற வேலை கேட்கப் போகிறேன் என்றாள். ஸ்டியரிங் இல்லாத அவளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ராத்திரியில் என் காலில் மிதி விழவில்லை. மிதிக்கமாட்டாளா என்று விழித்துக் கிடந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது அவள் குட்டை ஸ்டூலில் படுத்திருந்தாள்.

"ஏங்க, வண்டியில என் இடது கால் என்ன வேலை செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது. கியர் தானா மாறற வண்டி, கிளட்ச்சே கிடையாது."

"அதான். இவ்வளவு வருஷமா சும்மா உட்கார்ந்து வருது, டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி. நாம பாவம் வேலை செய்யற காலைப் போட்டு அடிச்சோம். வலது காலை விட்டுடலாம். அது பிரேக் பிடிச்சா பிடிக்கட்டும். அது பிடிக்கும்போது இடது காலும் கூடப் பிடிக்கணும். ரெண்டும் ஒண்ணா நீண்டா சுத்த மாட்டேன் இல்ல?"

வாத்தியாரம்மாவுக்குப் போன் செய்தோம். இரண்டும் சமமாக நீண்டால் முன்பக்கமாகக் கொஞ்சம் நகர்வார்கள், அவ்வளவுதான், பரவாயில்லை என்றாள்.

"அப்போ இன்னொண்ணு கேக்கறேன்" என்றாள் என் மனைவி. "கையை விடும்போது எனக்கு நிஜமாவே பயமா இருக்கும். அந்த நேரம் என் வலது கால் என்ன பண்ணுதுன்னு படத்துல நல்லாத் தெரியணும். அது தானா பிரேக் பிடிச்சுதுன்னா நான் திரும்ப வண்டி எடுப்பேன். பிடிக்கலைன்னா எடுக்க மாட்டேன்."

வாத்தியாரம்மா, "சரிக்கா, காலைப் பார்த்தே எடுக்கறேன்" என்றாள்.

மறுபடியும் மூடி தட்டினேன். இந்த முறை இடது காலுக்கு. வலது காலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. இடது காலுக்கு மூளை கொஞ்சம் மந்தம். ஆனாலும் பிடித்துக்கொண்டது.

குதிக்கும் நாள் காலையில் மேகம் இருந்தது. கலையட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். விமானத்துக்குக் கூப்பிட்டபோது எழுந்து என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டுப் போனாள். பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

வேலியோரம் நின்றேன். விமானம் ஏற ஏறச் சின்னதாகி, சத்தம் மட்டும் மிச்சமாயிற்று. அந்தச் சத்தமும் அடங்கியது. எங்கேயோ வெட்டவெளியில் என் மனைவி விழுந்துகொண்டிருக்கிறாள், எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சுற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கால் பிடிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு யுகம் கழித்து ஒரு துணி விரிந்தது, முறுக்கில்லாமல், நேராக.

முதலில் தரையிறங்கிய வாத்தியாரம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள். "நேரா நின்னாங்க சார்! கல்லு மாதிரி நின்னாங்க!"

நேராக நின்றாள் என்றால்? வலது கால் நீளவே இல்லையோ? மூடி தட்டித் தூங்க வைத்த கால் தூங்கியே போய்விட்டதோ? என் மனைவியும் இறங்கினாள். இந்த முறை ஓடி வரவில்லை. துணியைச் சுருட்டி அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள்.

"பிடிச்சுதா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. அங்க காலே தெரியாது. அவங்க முகம் மட்டும்தான் தெரிஞ்சுது, அப்படியே எதிர்ல இருந்துச்சு."

பயிற்சி அறையில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தோம். அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. படம் ஓடியது. விமானத்தின் கதவு, வெளிச்சம், அவள் முகம், காற்றில் படபடக்கும் கன்னம். வாத்தியாரம்மா நிறுத்தி மெதுவாக ஓட்டினாள். கை விலகியது. காமிரா பின்வாங்கி முழு உடம்பையும் காட்டியது. இரண்டு காலும் சமமாக நீண்டிருந்தன. உடம்பு அசையவில்லை.

"எவ்வளவு அழகு பாருங்க" என்றாள் வாத்தியாரம்மா.

"பின்னால போங்க" என்றாள் என் மனைவி. "கை விடற இடத்துக்கு. காலை மட்டும் காட்டுங்க."

பின்னால் போனாள். படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கை பிடித்திருக்கிறது. இரண்டு காலும் மடங்கியிருக்கின்றன. விரல்கள் விடுகின்றன. அடுத்த படம். வலது பாதம் மட்டும் விசுக்கென்று நீண்டுவிட்டது, இடது இன்னும் மடங்கியே இருக்கிறது. அதற்கு அடுத்த படத்தில்தான் இடது காலும் அவசர அவசரமாக எழுந்து வந்து பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது.

நான் லென்ஸ் தேய்க்கிற ஆள், கண் என்னை ஏமாற்றாது. வலது கால்தான் முதலில் வந்தது. யாரையும் கேட்கவில்லை.

என் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கயிறு முறுக்கி உயிர் ஊசலாடிய அன்றைக்குக்கூட அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். வாத்தியாரம்மா பயந்துபோய், "அக்கா, தேறிட்டீங்கக்கா, அடுத்த குதிப்புக்குப் போகலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது இவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"டெப்போவுக்குப் போன் போடுங்க. நாளைக்கு முதல் வண்டி நான் எடுக்கறேன்னு சொல்லுங்க."